இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நீ கேட்டபடி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். கற்பனை எதுவும் சேர்க்க மாட்டேன். பயமாக இருந்த இடத்தில் "பயமாக இருந்தது" என்று மட்டும் எழுதுவேன். ஏன் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

நம் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. பள்ளிக்குப் போகும் நேர்ச்சாலையில் அப்பா ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்டுகிறார். பிடியைத் தளர்த்தினால் போதும், வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்குகிறது. கடைத்தெருவில் குழந்தை கையைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி.

முன்பக்க இடது டயரைக் குனிந்து பார்த்தேன். வெளிப்பாதியில் பள்ளப் பள்ளமாகப் புது டயர் போலவே இருக்கிறது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, என் பழைய அழிரப்பர் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்ல கம்பி தெரியும் சார். மழையில பிரேக் போட்டா வண்டி உங்க பேச்சைக் கேக்காது" என்றார்.

வாரண்டி இன்னும் இருப்பதால் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கே போனோம். நானும் போனேன். வண்டியை மேலே தூக்கி, நான்கு சக்கரத்திலும் தட்டுகளை மாட்டி, திரையில் சக்கரங்களின் சாய்வு அளவுகளைக் காட்டினார்கள். இடது முன்சக்கரத்தின் எண்கள் சிவப்பாக இருந்தன. அதைத் திருகிப் பச்சையாக்கினார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஊரில் உள்ள தராசுகளை எல்லாம் சரிபார்த்து முத்திரை குத்துபவர் ஆயிற்றே! "பச்சை வந்துடுச்சு பாப்பா, பாத்தியா?" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு நேராகத்தான் வந்தோம். மாதம் முடிவதற்குள் வண்டி மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

இனி எழுதப்போவதும் உண்மை. காலையில் நான் முன்பக்க இடது சீட்டில்தான் உட்காருகிறேன். கால் எட்டாததால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வேன். சாயங்காலம் அப்பா நூலகத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போகும்போது, அந்த சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருக்கிறது. தினமும். முட்டி வலிக்கிறது, காலை நீட்டணும் என்று அம்மா இருந்தபோது தள்ளி வைப்பாளே, அதே இடத்தில்.

"யாராவது வண்டியில வந்தாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"யாரு வரப்போறா?" என்றார்.

பயமாக இருந்தது.

உன் தங்கை


ஜூன் 18

அடி புத்தகப்புழு,

நான் கேட்டது டயரைப் பற்றி. நீ பாதிக்கு மேல் பேய்க்கதை எழுதியிருக்கிறாய். நூலகத்தில் எந்த அலமாரி பக்கம் நின்றாய் என்று எனக்குத் தெரியாதா?

கவனமாகக் கேள். நாள் முழுக்க காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜ் வாங்கினவர்களின் புகாரைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். கம்பெனிக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்படிப் பேசச் சொல்லித்தானே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். "குளிரே வரலைம்மா" என்று ஒருவர் புலம்பினால் நாங்கள் முதலில் கேட்பது, "எங்கயாவது இடிச்சீங்களா சார்?" அவர் ஒரு நொடி யோசித்தால் தீர்ந்தது. வாரண்டி போச்சு.

உங்களிடமும் கேட்பார்கள். தயாரிப்பில் கோளாறு என்றால் அவர்கள் செலவு, வெளியே இடித்தது என்றால் நம் செலவு. அதனால் அப்பா "இல்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். தராசுக்கதை, சாலைக்கதை எதுவும் வேண்டாம். சரிசெய்வதற்கு முன் என்ன அளவு, பின் என்ன அளவு என்று அச்செடுத்து வாங்கிக்கொள். திருகியது ஏன் நிற்கவில்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று கேள். டயரையும் அவர்களே மாற்றித் தர வேண்டும்.

சீட் தானாக நகர்கிறதென்றால் அதன் பூட்டு தளர்ந்திருக்கிறது. அதையும் புகாரில் சேர்.

இதெல்லாம் நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதே.

அக்கா

பி.கு.: அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? சும்மாதான் கேட்டேன்.


ஜூலை 3

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதம் வந்தால் அப்பாதான் எடுத்து வருகிறார். பிரிப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறார். "இந்தத் தடவை பெரியவ லேசா எழுதியிருக்கா" என்று சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். சாப்பிடுகிறார். பாத்திரத்தைக் கழுவிவிட்டு அடுப்பங்கரையிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறார்.

மறுபடி சர்வீஸ் நிலையம் போனோம். போன தடவை எண்களைப் பச்சையாக்கிய, நீலச்சட்டை போட்ட அதே மெக்கானிக்தான். நீ சொன்னபடியே கேட்டார்.

"எங்கயாவது இடிச்சீங்களா சார்? பெரிய பள்ளத்துல விட்டீங்களா?"

"இல்லை" என்றார் அப்பா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் எங்களை வண்டிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். தலைக்கு மேல் நம் வண்டி தொங்குவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. தூங்குகிறவர்களைக் கீழேயிருந்து பார்க்கிற மாதிரி. இடது டயரின் வெளிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே சாம்பல் நிறத்தில் கோடு கோடாக உரசல்.

"பிளாட்பாரத்துல உரசின மாதிரி இருக்கே சார். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, நிறைய."

"சார், நான் வண்டியை எதிலயும் இடிச்சது கிடையாது. முப்பது வருஷமா ஓட்டுறேன். வேணும்னா இவளைக் கேளுங்க."

நீலச்சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "இல்லை" என்று தலையாட்டினேன். உண்மையாகவே எனக்கு அப்படித்தான் தெரியும். அப்பா வேகத்தடையைக்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் தாண்டுவார்.

மறுபடி திருகிப் பச்சையாக்கினார்கள். அச்சுத்தாள் வாங்கிவிட்டேன். டயர் கிடையாதாம். சீட்டின் பூட்டையும் பார்க்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறதாம், அக்கா. ஒருவர் பிடியைத் தூக்கித் தள்ளினால்தான் நகருமாம்.

நேற்று நல்ல மழை. நூலக வாசலில் வண்டி வந்து நின்றதும் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன், உடனே எழுந்துவிட்டேன். சீட் நனைந்திருந்தது. முதுகு சாயும் இடமும், உட்காரும் இடமும். கீழே மிதியடியிலும் ஈரம். கண்ணாடியெல்லாம் மேலே ஏற்றித்தான் இருந்தது. அப்பா பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை.

"கதவிடுக்குல ஒழுகியிருக்கும்" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நனைந்துகொண்டு வந்து அங்கே உட்கார்ந்தது யார், அக்கா?

இப்போதெல்லாம் நான் பின்சீட்டில் உட்காருகிறேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

உன் தங்கை


ஜூலை 9

தங்கச்சி,

இத்துடன் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. "நிறைய தடவை உரசல்" என்று கூசாமல் சொல்கிறார்களாமே! வண்டி வாங்கினவரையே குற்றவாளி ஆக்குவது எங்களுடைய பழைய வித்தை. அவர்கள் ஆளை அனுப்பிச் சோதிக்கட்டும்.

அப்பா பொய் சொல்ல மாட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கறிக்கடைக்காரர் நம் வீட்டுக்கு இலவசமாக எலும்பு கொடுத்தனுப்பினார் என்று, மறுநாளே போய் அவர் தராசை இரண்டாம் முறை சோதித்த மனிதர். எனக்கு அவர் மேல் இருக்கும் கோபம் வேறு. நான் அவரிடம் சண்டை போட்டபோது நீ உள்ளறையில் இருந்தாய், பாதிதான் கேட்டிருப்பாய். கேட்காமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இறந்த அன்றைக்கு வண்டி முதல் சர்வீஸுக்குப் போயிருந்தது, இதே நிலையத்துக்கு. வேலை முடிந்ததும் "கழுவிக் கொடுத்துடறோம் சார், உக்காருங்க" என்றார்களாம். உட்கார்ந்திருக்கிறார். அம்மா கண்ணாடிக் கடையில் வேலை முடித்து, வழக்கம்போல வாசல் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் கீழே சரிந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. அப்பா வந்து சேர்ந்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. அதைத்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன். "வண்டியைக் கழுவ நின்னீங்களேப்பா" என்றேன். அவர் பதிலே சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டேனோ என்னவோ.

சீட் நனைந்தது கதவு ரப்பர் கெட்டுப்போனதால். வேறு யாரும் உட்காரவில்லை. கேட்டுக்கொள். யாரும் உட்காரவில்லை.

இங்கேயும் மழைதான். விடுதி வராந்தாவில் யாராவது குடையை உதறும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன். ஏன் திறந்தேன் என்று திறந்த பிறகுதான் யோசிக்கிறேன். இதை நீ உன் கதைகளில் சேர்க்காதே.

பின்சீட்டிலேயே உட்கார். பெல்ட் போட்டுக்கொள்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்கா,

புகாரை அப்பா இரண்டு முறை படித்தார். ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி வைத்தார். "நல்லா எழுதியிருக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினேன் என்று அவர் நம்பவே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அடுத்த வாரக் கடைசியில் ஒரு சோதனை அதிகாரி வருகிறாராம். அவர் ஒப்புக்கொண்டால் கம்பி, டயர் எல்லாமே அவர்கள் செலவில் மாற்றித் தருவார்களாம்.

அதற்கு முன் நடந்த இரண்டு விஷயங்களை எழுத வேண்டும்.

முதல் விஷயம். திங்கள்கிழமை மழையில், சிக்னலில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அப்பா பிரேக் போட்டார். வண்டி நிற்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் சொன்னபடியே, எங்கள் பேச்சைக் கேட்காமல் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. அந்த நேரத்தில் அப்பாவின் இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டது. பக்கத்து சீட்டின் குறுக்கே நீண்டு, அங்கே இருப்பவரை முன்னால் விழாமல் பிடிக்கிற மாதிரி அழுத்தியது. சீட்டில் யாரும் இல்லை. வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகுதான் பின்னால் திரும்பி, "பாப்பா, அடி படலையே?" என்றார்.

இரண்டாவது விஷயம். நேற்று நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா வர நேரமாகும் என்று பஸ்ஸில் ஏறினேன். அது அம்மாவின் கண்ணாடிக் கடை வழியாகப் போகிற பஸ். கடைக்கு எதிரே நெரிசலில் நின்றுவிட்டது. ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மழைக்குள் நம் வண்டி வந்தது.

அந்த இடத்தில் பிளாட்பாரம் எவ்வளவு உயரம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா வேகத்தைக் குறைத்து, இடப்பக்கச் சக்கரங்களை மெதுவாக, மிக மெதுவாக அதன் மேல் ஏற்றினார். டயர் விளிம்பில் உரசிக்கொண்டே ஏறியது. வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அம்மா முட்டியை மடக்கிக் கீழே இறங்காமல், நின்ற இடத்திலிருந்தே உள்ளே ஏறுவதற்காக அப்படித்தான் நிறுத்துவார். நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு அப்பா எட்டி, ஏற்கெனவே பின்னால் இருந்த சீட்டை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். இடது கதவைத் திறந்து விட்டார். மழை உள்ளே அடித்தது. அவர் பாட்டுக்கு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருவர் ஏறி, பையை மடியில் வைத்து, பெல்ட் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அப்புறம் எட்டிக் கதவைச் சாத்தினார். வண்டி பிளாட்பாரத்திலிருந்து தொப்பென்று இறங்கிப் போனது. கடையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையை உயர்த்தவே இல்லை. தினமும் பார்க்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

எண்கள் பச்சையாகி மறுபடி ஏன் சிவப்பாகின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேய் இல்லை என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

இந்த வண்டியில் தினமும் போகிறோம், மழை விடுகிற மாதிரி இல்லை. அதிகாரி என்னிடம் கேட்டால் என்ன சொல்வது? உண்மையை எழுதுவதாக உனக்கு வாக்குக் கொடுத்தேன். அதைச் சொல்லவும் வேண்டுமா, அக்கா?

உன் தங்கை


ஜூலை 26

தங்கச்சி,

உன் கடிதத்தை வேலை நேரத்தில் படித்தேன். காதில் ஒரு அம்மாள் ஃபிரிட்ஜ் கதவு மூடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இடிச்சீங்களா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொருவரிடம் மாற்றிவிட்டேன்.

தினமுமா? கதவைத் திறந்து வைத்தா?

நேரத்துக்கா வருகிறார்?

யாரிடமும் எதுவும் சொல்லாதே. சனிக்கிழமை வருகிறேன். வீட்டுக்கு இல்லை, அங்கே. நீ நூலகத்துக்குப் போகாமல் ஏதாவது காரணம் சொல்லி அவரோடு பின்சீட்டில் வந்துவிடு.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீ போட்ட அஞ்சலட்டையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அன்றைக்கு அப்பா முகம் எப்படி இருந்தது?" நீ வெளியே மழைக்குள் நின்றாய், கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குப் பின்சீட்டிலிருந்து உள்கண்ணாடியில் தெரிந்தது.

அந்தத் தெரு திரும்பும் வரை அப்பா சாதாரணமாகத்தான் இருந்தார். "இந்த வழியா ஒரு வேலை இருக்கு பாப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். திரும்பினோம். அம்மா நிற்கும் இடத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே ஒரு பை, அம்மா வைத்துக்கொள்வது போலவே வயிற்றோடு அணைத்து. உன் முகம் தெரியவில்லை. நீ வருவாய் என்று தெரிந்திருந்த எனக்கே ஒரு நொடி அம்மா என்றுதான் தோன்றியது.

அப்பா பயப்படவில்லை. அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். ரொம்ப நேரம் நின்றும் வராத பஸ், கடைசியில் தெருமுனையில் தெரிந்தால் ஒருவர் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று முணுமுணுத்தார். பிளாட்பாரத்தில் ஏற்ற ஸ்டியரிங்கை ஒடித்தார்.

அப்போதுதான் நீ குடையைத் தூக்கினாய். வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தட்டினாய். நீ சொன்னது உனக்கே நினைவிருக்கும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"ஏத்தாதீங்கப்பா. நான் இறங்கி வந்து ஏறிக்கிறேன். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

அப்பா பிரேக்கை மிதித்தார். அவர் முகத்திலிருந்து முதலில் இருந்தது போய்விட்டது. அது போவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீ பார்க்காததே நல்லது. அதன் பிறகு வேறொன்று வந்தது. அது உனக்காக வந்தது. பிறந்த குழந்தையைக் கையில் வாங்குகிறவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். பிடிக்கத் தெரியுமா, கீழே போட்டுவிடுவோமா என்று.

நீ சாலையில் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தாய். சீட் பின்னால் தள்ளியிருந்தது. நீ அதை நகர்த்தவில்லை.

"லேட்டாயிடுச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான்தான் சீக்கிரம் வந்துட்டேன்."

பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். வண்டி நகரவில்லை. நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டயரைத் தின்னது இந்தப் பிளாட்பாரம்தான்ப்பா" என்றாய்.

"நான் இடிக்கலையேம்மா" என்றார். திருடிவிட்டாய் என்று சொன்ன மாதிரி பதறினார். "மெதுவாத்தானே ஏத்துவேன்? உங்கம்மா மடியில தண்ணி பாட்டில மூடாம வெச்சிருப்பா. ஒரு சொட்டு சிந்தாது."

பொய் சொல்லவில்லை, அக்கா. அதை இடி என்று அவர் நினைக்கவே இல்லை.

நீ போன மறுநாள் சர்வீஸ் நிலையத்துக்கு அதிகாரி வந்தார். அப்பா என்னிடம் எதுவும் கேட்க விடாமல் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏன் ஏற்றினார் என்பதைத் தவிர. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "இதை நீங்க சொல்லலைன்னா எங்களால நிரூபிச்சிருக்க முடியாது சார். எல்லாமே கிடைச்சிருக்கும்" என்றார். "தராசு பாக்கறவன் சார் நான்" என்றார் அப்பா. நீலச்சட்டைக்காரர் எங்கோ பார்த்தபடி, "கழுவிக் கொடுக்கட்டுமா சார்?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "வேண்டாம்" என்று அப்பா சொன்னது கொஞ்சம் சத்தமாக இருந்தது.

நம் செலவில் கம்பி மாற்றி, இரண்டு புது டயர் போட்டு, எண்களைப் பச்சையாக்கி எடுத்து வந்தோம். நேர்ச்சாலையில் அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். வண்டி எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை.

"ரொம்ப நேராப் போகுது" என்றார். குறை சொல்கிற மாதிரி இருந்தது.

இன்று சாயங்காலம் நூலகத்துக்கு வந்தவர், "அந்தப் பக்கமாப் போலாமா பாப்பா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்கு எதிர்ச்சாரியில், சாலை மட்டத்திலேயே நிறுத்தினார். நான்கு சக்கரமும் தரையில். கதவைத் திறக்கவில்லை. "பெரியவ அடுத்த மாசமும் வரேன்னாளா?" என்று கேட்டார். "வரேன்னு சொன்னா" என்றேன். அது உண்மைதானே?

பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது. அந்தப் பெண் கடைசிக் கண்ணாடியையும் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்து, முதல் முறையாக எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு கையை உள்ளே நீட்டி, கடையின் விளக்குகளை அணைத்தாள்.